பெற்றோர் பிரிந்து தூரதேசம் போகும்போது பிள்ளைக்குரியது என்ன?

கிறிஸ்தவ விவாகம் மனிதரால் அவிழ்க்கப்பட முடியாத பிணைப்பு என்பது திருச்சபையின் மாறாத போதனை. அதை வாசகர்களாகிய உங்களுக்கு மீண்டும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் பங்குகளிலே பிரிந்து வாழும் பெற்றோர் இருக்கிறார்கள். நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கொழும்புக்கோ, குவைத்துக்கோ, நோர்வேக்கோ, கனடாவுக்கோ போய்விடுகிறார். பிள்ளை இங்கே தாயோடு, அல்லது அம்மம்மாவோடு நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு உரியது என்ன? அதை யார், எப்படிக் கொடுக்க வேண்டும்? இவ்வாரப் பாடம் இதைப் பற்றியது.

உங்கள் வீட்டில் இந்தத் துன்பம் இல்லாதிருக்கலாம். ஆனால் உங்கள் அயலில், உங்கள் உறவில், உங்கள் ஞானப் பிள்ளைகளுக்குள் அது இருக்கக்கூடும். ஆகவே எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பிள்ளைக்குரிய இரண்டு கடன்கள்

பிரிந்த பெற்றோர் ஒவ்வொருவரும் பிள்ளைக்கு இரண்டு கடன்கள் பட்டிருக்கிறார்கள். ஒன்று, உணவு, உடை, வைத்தியம், படிப்பு ஆகியவற்றுக்கான செலவு. இதை நம் நாட்டிலே தாபரிப்பு என்கிறோம். மற்றது, தாயின் முகமும் தந்தையின் முகமும். பிள்ளை எவரோடு வாழ்ந்தாலும் மற்றவரைக் காணவும் அவரோடு பேசவும் பழகவும் அதற்கு உரிமை உண்டு.

நம்மிடையே அடிக்கடி நடப்பது என்ன? “பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே காசு அனுப்பமாட்டேன்” என்கிறார் தந்தை. “காசு வரவில்லை; ஆகவே பிள்ளையைப் பேசவிடமாட்டேன்” என்கிறார் தாய். இருவரும் நியாயம் பேசுவதாகவே எண்ணுகிறார்கள். ஆனால் இந்தப் பேரத்திலே தந்தை நிறுத்துவது தாயின் காசை அல்ல, பிள்ளையின் சோற்றை. தாய் நிறுத்துவது தந்தையின் இன்பத்தை அல்ல, பிள்ளையின் தகப்பனை. இரண்டும் பிள்ளையின் சொத்து. பிறருடைய சொத்தைக் கொண்டு பண்டமாற்றுச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து. பின்னால் வருவன எல்லாம் இதன் விளக்கமே.

நம் முன்னோர் இதை ஓரளவு அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்து வழக்கங்கள் தேசவழமை என எழுத்தில் தொகுக்கப்பட்டன. தாயை இழந்த பிள்ளைகளின் தகப்பன் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளைத் தாயின் தாயாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கம் என்று அதிலே காண்கிறோம். அப்பொழுது தகப்பன் பிள்ளைகளை வெறுங்கையோடு ஒப்படைக்க முடியாது. தாய் கொண்டுவந்த சீதனத்தையும், அந்த விவாக காலத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் அவர்களுக்காகக் கொடுக்க வேண்டும். பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பிள்ளையின் பங்கும் போக வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இன்று சீதனக் காணிக்குப் பதிலாக மாதப் பணம் வந்திருக்கிறது, நியாயம் மாறவில்லை.

நாட்டுச் சட்டம் சொல்வது

இலங்கையில் 1889 ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக, 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலே குடும்பங்கள் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பிள்ளையைத் தாபரிக்கும் கடமை தந்தைக்கு மட்டும் உரியதல்ல. போதிய வருவாயுள்ள தாய்க்கும் உரியது. வெளிநாட்டில் உழைக்கும் தாயும், இங்கே பிள்ளைகளைத் தந்தையிடம் விட்டுப் போயிருந்தால், அவர்களுக்குக் கடன்பட்டவரே.

இரண்டாவது, தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவது. அதற்கு முன்னர் விவாகரத்துப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் பிள்ளைக்காக விண்ணப்பிக்கலாம். ஆகவே அம்மம்மாவின் கையில் பிள்ளை இருந்தால், அவரும் வழியற்றவர் அல்லர்.

மூன்றாவது, 18 வயது நிறைந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தன்னைத் தான் தாபரிக்க முடியாத 18 முதல் 25 வயது வரையிலான மகனுக்கோ மகளுக்கோ கட்டளை பெறலாம். அங்கவீனமான பிள்ளைக்கு இந்த வயது எல்லை இல்லை.

நான்காவது, கட்டளையிட்ட பணத்தைக் கட்டாமல் விடுவது வெறும் கடன் பாக்கி அல்ல. நீதிமன்றம் சம்பளத்திலிருந்து பணத்தைப் பிடித்துக் கொடுக்கச் செய்யலாம். வேண்டுமென்றே கட்டாதவருக்குப் பாக்கியான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

ஐந்தாவது, குடும்பத்தின் நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். இது மிக முக்கியம். 2022 இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் இருந்தது. சில மாதங்களில் அது 360 ரூபாய் அளவுக்குப் போயிற்று. முன்னர் மாதம் 15,000 ரூபாய் என்று தீர்த்த தந்தை வெளிநாட்டிலிருந்து அனுப்ப வேண்டியது அப்பொழுது 75 டொலர். பின்னர் 42 டொலருக்கும் குறைவு. அவருடைய சுமை குறைந்தது. இங்கே மாவும் சீனியும் கொப்பியும் விலையேறின. இப்படியான வேளையில் தொகையைத் திருத்தாமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பிள்ளை யாரோடு வாழ்வது, அன்றாடப் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டத்திலே கட்டுக்காப்பு என்பர். விவாகரத்து வழக்கை விசாரிக்கும் மாவட்ட நீதிமன்றம் பிள்ளைகளின் கட்டுக்காப்பு, தாபரிப்பு, கல்வி ஆகியவை பற்றியும் கட்டளையிடலாம். பழைய உரோம ஒல்லாந்தச் சட்டத்திலே தந்தைக்கு முன்னுரிமை இருந்தது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதன்மையாக நோக்கலாயின. கட்டுக்காப்பு ஒருவருக்குக் கிடைத்தது என்பதனால் மற்றவர் தாயல்லாதவராகவோ தந்தையல்லாதவராகவோ ஆகிவிடுவதில்லை. பிள்ளையைச் சந்திக்கும் உரிமையையும் நீதிமன்றம் ஒழுங்கு செய்யும்.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 10 ஆம் உறுப்புரை நம் விடயத்தை நேரே தொடுகிறது. பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் வாழும்போதும், விதிவிலக்கான நிலைமைகள் தவிர, பிள்ளை இருவரோடும் ஒழுங்கான தொடர்பு வைத்திருக்க உரிமையுடையது என்பது அதன் கருத்து. 27 ஆம் உறுப்புரை, வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரிடமிருந்தும் தாபரிப்பைப் பெற்றுக்கொடுக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது.

கடன்காரர் கடல் கடந்தால்

“அவர் வெளிநாடு போய்விட்டார்; இனி என்ன செய்ய முடியும்?” என்று கைவிடும் தாய்மார் பலர். வழி கடினமானது என்பது மெய். வழியே இல்லை என்பது மெய்யன்று.

வெளிநாட்டில் தாபரிப்பை அறவிடுவதற்கான ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று 1956 இல் நியூயோர்க்கில் உருவாயிற்று. இலங்கை அதில் ஓர் உறுப்பு நாடு. நோர்வே, ஜேர்மனி, பிரான்சு, சுவிற்சர்லாந்து, டென்மார்க், இத்தாலி, அவுஸ்திரேலியா ஆகியவையும் அதில் சேர்ந்தவை. ஒவ்வொரு நாட்டிலும் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு ஒரு நிறுவனமும் பெறுவதற்கு ஒரு நிறுவனமும் நியமிக்கப்படும் என்பது அதன் ஒழுங்கு. இங்கிருந்து போகும் பத்திரங்களைக் கொண்டு, தந்தை வாழும் நாட்டின் நிறுவனம் பிள்ளைக்காக அங்கே நடவடிக்கை எடுக்கும். இதைத் தவிர, இங்கிலாந்து போன்ற நாடுகளோடு தாபரிப்புக் கட்டளைகளைப் பரஸ்பரம் நிறைவேற்றுவதற்கு 1921 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றும் நமக்கு உண்டு.

கனடாவும் அமெரிக்காவும் 1956 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் சேரவில்லை. கனடாவில் இவ்விடயத்தை ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டப்படி நடத்துகிறது. ஆகவே அங்கே வாழ்பவரிடம் பணம் பெற, அம்மாகாணத்துச் சட்டம் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்படும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. கட்டளையை, போகிறவர் போவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். அவர் இங்கே இருக்கும்போது அழைப்பாணை கையிற் கிடைக்கும். அவருடைய வருமானம் தெரியும். அவர் சம்மதித்தே கையொப்பமிடவும் கூடும். போன பின்னர் விலாசம் தேடுவதற்கே ஆண்டுகள் கழியும். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வசதி குறைந்தவர்களுக்கு உதவுகிறது.

பிள்ளையையும் கொண்டுபோக விரும்பினால்

சிலவேளைகளில் போகிறவர் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரே. தாய்க்கு இலண்டனில் வேலை கிடைக்கிறது, தமையன் அழைக்கிறார், பிள்ளையையும் கூட்டிச் செல்ல விரும்புகிறார். இது பாவமும் அல்ல, குற்றமும் அல்ல. ஆனால் மற்றப் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, அல்லது நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றுப் போக வேண்டும்.

விடுமுறைக்கு என்று சொல்லிக் கொண்டுபோய்த் திரும்பி வராமல் விடுவது பெரும் பிழை. 1980 இல் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தத்தில் இலங்கை 2001 இல் சேர்ந்தது. அதே ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அதை இங்கே நடைமுறைப்படுத்துகிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அது வாழ்ந்துவந்த நாட்டிலிருந்து உரிமைக்கு மாறாகக் கொண்டுசெல்லப்பட்டால், அங்கே திருப்பி அனுப்புவதே இதன் நோக்கம். இலங்கையில் இதற்குப் பொறுப்பான அதிகாரி நீதி அமைச்சின் செயலாளர். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பது மிக முக்கியம். காலம் கடந்து, பிள்ளை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டால் நீதிமன்றம் மறுக்கக்கூடும். பிள்ளைக்குப் பெரும் ஆபத்து உண்டென்று காட்டினாலும் மறுக்கலாம். இந்தச் சட்டம் கட்டுக்காப்பு யாருக்கு என்று தீர்ப்பதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்க்க வேண்டும் என்பதையே தீர்க்கிறது. இலங்கையின் சேர்க்கையை ஏற்றுக்கொண்ட நாடுகளோடு மட்டுமே இது செல்லும்.

பிள்ளையை இரகசியமாகக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் உண்மையாகவே இருந்தால், காலந்தாழ்த்தாமல் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் தடைக்கட்டளை கேளுங்கள்.

திருச்சபை சொல்வது

பிரிவு நேர்ந்தபோதும் பிள்ளைகளின் தாபரிப்பும் கல்வியும் எப்போதும் கவனிக்கப்பட வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவை 1154 ஆம் இலக்கத்தில் விதிக்கிறது. விவாகம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போதும், பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை இரு தரப்பாருக்கும் அது நினைவூட்ட வேண்டும். அத்தீர்ப்பினால் பிள்ளைகள் முறைகேடான பிள்ளைகள் ஆகிவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அது தவறு. நல்மனத்தோடு செய்யப்பட்ட விவாகத்தின் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137 ஆம் இலக்கம் சொல்கிறது.

நாட்டு நீதிமன்றத்துக்குப் போவதே பாவம் என்று எண்ணிப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் நல்ல தாய்மாரும் இருக்கிறார்கள். தாபரிப்பு வழக்கு விவாகரத்து வழக்கு அல்ல. அதற்கு மேலாக, சட்ட உரிமைகளையோ பிள்ளைகளின் பராமரிப்பையோ பாதுகாக்க வேறு வழியில்லாதபோது அரசு விவாகரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒழுக்கக் குற்றமாகாது என்று கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2383 ஆம் எண்ணில் விளக்குகிறது. விவாகரத்துக்குட்பட்டும் மறுமணம் செய்யாது வாழ்பவருக்குத் தேவதிரவிய அனுமானங்களைப் பெற அதனாலே தடை இல்லை என்பதை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 இல் எழுதிய குடும்பம் பற்றிய மடலில் தெளிவாக்கினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல் எழுதிய மடலில், பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பணயப் பொருளாக்கலாகாது என்று வன்மையாக எச்சரித்தார்.

சாலமோன் அரசனின் முன் நின்ற இரு பெண்களை நினைத்துப் பாருங்கள். அரசன் வாளைக் கொண்டுவரச் சொன்னபோது உண்மைத் தாய் தன் உரிமையை விட்டுப் பிள்ளையின் உயிரைக் காத்தாள். மற்றவளோ, தனக்குக் கிடைக்காவிடினும் பிள்ளை பிளக்கப்படட்டும் என்றாள். பிரிந்த பெற்றோர் பிள்ளையின் மனதை இருபக்கமும் இழுக்கும்போது கையில் வாள் இல்லை. ஆனால் பிளப்பு நடக்கிறது.

எழுத்திலே வையுங்கள்

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கற்பனை செய்வோம். மகளுக்கு வயது 9, மகனுக்கு 5. தந்தை நோர்வேக்குப் போகிறார். தாய் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். இவர்கள் எழுத்திலே வைக்க வேண்டியவை எவை?

1. மாதப் பணம் எவ்வளவு, எத்தனையாந் திகதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு என்பது. கையில் கொடுத்தால் சாட்சி இல்லை. வங்கியில் பதிவு இருக்கும்.

2. வருடத்துக்கு ஒருமுறை தொகையைத் திருத்துவது. பாடசாலைச் செலவு, திடீர் வைத்தியச் செலவு ஆகியவற்றை யார் எவ்வளவு ஏற்பது.

3. பிள்ளைகள் தந்தையோடு பேசும் நாளும் நேரமும். “வசதிப்படும்போது” என்று எழுத வேண்டாம். ஞாயிறு மாலை 7 மணி என்றால், ஒஸ்லோவில் அது கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. திருப்பலி முடிந்து, வேலையில்லாத நேரம். பிள்ளை காத்திருக்கும், ஆகவே தவறக் கூடாது.

4. தந்தை விடுமுறையில் வரும்போது பிள்ளைகள் எத்தனை நாள் அவரோடு தங்குவது, அப்பம்மா வீட்டுக்கு எப்போது போவது.

5. கடவுச்சீட்டு யாரிடம் இருப்பது; பிள்ளை வெளிநாடு செல்ல யாருடைய சம்மதம் வேண்டும்.

6. பாடசாலை அறிக்கை, நோய், முதல் நன்மை, உறுதிபூசுதல் போன்றவற்றை மற்றவருக்கு அறிவிக்கும் கடமை.

7. எவர் விலாசமோ தொலைபேசி இலக்கமோ மாற்றினாலும் உடனே அறிவிப்பது.

எழுதியதைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றக் கட்டளையாக்குங்கள். பெரியவர்கள் முன்னிலையில் சொன்ன வாக்கு நல்லதே. ஆனால் அதைக் கொண்டு ஒஸ்லோவில் எவரும் பணம் அறவிட முடியாது.

ஒரு விலக்கைச் சொல்லாமல் விடலாகாது. அடி, குடிவெறி, பிள்ளைக்குத் தீங்கு என்பன உள்ள இடத்தில் சந்திப்பைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதை நீதிமன்றத்துக்கும் சிறுவர் நன்னடத்தை அலுவலருக்கும் அறிவியுங்கள். ஆனால் அங்கேயும் பணக் கடமை நீங்குவதில்லை.

உறவினருக்கு ஒரு வார்த்தை

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, மாமன்மாரே, சித்திமாரே, உங்கள் வாயிலிருந்து வருவதைப் பிள்ளை காதிலே போட்டுக்கொள்கிறது. “உன்ரை கொப்பன் உங்களை விட்டிட்டுப் போனவன்” என்று ஒரு நாள் கோபத்தில் சொன்னதை அது பல ஆண்டுகள் சுமக்கும். தன்னிலே பாதி கெட்டது என்று அது எண்ணத் தொடங்கும். பிள்ளை கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருக்கவில்லை. ஆனால் நீ இருவருக்கும் பிள்ளை.” அதற்கு மேல் அதன் வயதுக்குத் தேவையில்லை.

ஞானத்தாய், ஞானத்தந்தையர் இவ்வேளையில் தம் பொறுப்பை நினைவுகூர வேண்டும். பாடசாலைக் கூட்டத்துக்குப் போக ஒருவர், முதல் நன்மை நாளிலே பக்கத்தில் நிற்க ஒருவர் தேவைப்படுவார். பங்கு மக்களும் அந்தப் பிள்ளையை இரக்கத்துக்குரிய பொருளாக அல்ல, மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் தந்தையே, தாயே! நீங்கள் உங்கள் துணையை விட்டுப் போயிருக்கலாம். பிள்ளைக்குப் பெற்றோராக இருக்கும் அழைத்தலை விட்டுப் போக முடியாது. இம்மாதப் பணத்தை அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு அழையுங்கள். பிள்ளையை வைத்திருப்பவரே, தொலைபேசி ஒலிக்கும்போது உங்கள் கோபத்தை ஒரு புறம் வைத்து அதைப் பிள்ளையின் கையிலே கொடுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் உறவில் தாய் அல்லது தந்தை தூரத்தில் இருக்கும் பிள்ளை யார்? அதற்கு நாம் இம்மாதம் செய்யக்கூடிய ஒன்று என்ன?

2. பணத்தையும் சந்திப்பையும் ஒன்றுக்கொன்று பேரமாக்குவது ஏன் பிழை? பிள்ளையின் பக்கம் நின்று விளக்குங்கள்.

3. நம் வீட்டில் பிள்ளைகள் கேட்க, பிரிந்துபோனவர் ஒருவரைப் பற்றி எவ்வாறு பேசுகிறோம்?

இன்றைய குடும்பச் செபமாலையில் ஒரு தசமணியைப் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுங்கள்.